எம்.பி.சீனிவாசன்: நாம் பாடாமல் விட்ட இசை

பாம்பன் பாலத்தைக் கடந்து போகும் எந்த ரயிலும், அது மதுரைக்குச் செல்வதாயினும் காரைக்குடி வழியே திருச்சிக்குச் செல்வதாயினும், மானாமதுரையைத் தொட்டே தீரவேண்டும். கச்சேரி கேட்பவர்களுக்கு அது கடத்தின் ஊர். கனமும் கணீரென்ற நாதமும் வேண்டும் வித்வான்கள் மானாமதுரைக் கடத்தைத் தேடி வாங்குவார்கள். 2023இல் அவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் கடத்தையே பெருமையாக எழுதின. ஆனால் அதே ஊரின் பெயரைத் தம் முதலெழுத்தாகச் சுமந்த ஓர் இசையமைப்பாளரை இந்தக் கரையில் எத்தனை பேர் அறிவர்? எம்.பி.சீனிவாசன் என்பதை விரித்தால் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். பிறந்தது சித்தூரில், 1925 செப்டம்பர் 19 அன்று. படித்தது சென்னையில். ஆகையால் அவரை எங்கள் சீமைக்காரர் என்று உரிமை கொண்டாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பெயரில் ஒட்டிக்கொண்ட ஊர் என்ற அளவில் ஒரு நூலிழைத் தொடர்பு, அவ்வளவுதான். அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு சில விஷயங்களைப் பேச விரும்புகிறோம்.

கேரளத்தில் எம்.பி.எஸ். என்று மூன்றெழுத்தைச் சொன்னால் போதும். ஓரளவு இசை கேட்பவர்கள் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அவர் ஓர் அடிக்குறிப்பு. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், இடதுசாரி, ஜெயகாந்தனின் நண்பர் என்ற மூன்று தகவல்களோடு பேச்சு முடிந்துவிடும். இம்மூன்றும் உண்மைதான். ஆனால் அவருடைய வாழ்வின் நடுநாயகமான காரியம் இம்மூன்றிலும் இல்லை. அவர் ஒரு சேர்ந்திசை இயக்குநர். பத்து, நாற்பது, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான குரல்களை ஒருங்கு நிறுத்திப் பாடவைப்பதைத் தம் கலையாக வரித்துக்கொண்டவர். அந்தக் கலைக்குத் தமிழ் வாழ்வில் இடம் தர நமக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவருக்கும் இடம் தரவில்லை என்பது எங்கள் கருத்து.

நமக்கு அந்தப் பதவிக்கு ஒரு பெயர்கூடச் சரியாக வாய்க்கவில்லை. 'கண்டக்டர்' என்றால் பயணச்சீட்டுக் கொடுப்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று கைவீசியவர்களுக்கும் அதே பெயர்தான் வழங்கியது. ஆனால் அவர்களில் எவர் பெயரும் இசைத்தட்டின் உறையில் முன்னுக்கு வந்ததில்லை. பாடியவர் பெயர் உண்டு, மெட்டமைத்தவர் பெயர் உண்டு. பலருடைய மூச்சை ஒரே கணத்தில் நிறுத்தி ஒரே கணத்தில் விடுவிக்கும் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாத வேலையாகவே இருந்துவிட்டது.

*

சீனிவாசனின் வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நாட்களிலேயே மாணவர் இயக்கத்திலும், பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். சில காலம் தில்லியில் ஏ.கே.கோபாலனின் செயலராகப் பணியாற்றினார். அங்கே, 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் தொடர்பு அவருக்கு வலுப்பட்டது. பஞ்சத்தையும் போரையும் பாட்டாலும் கூத்தாலும் எதிர்கொண்ட அந்த இயக்கம் இந்திய இசைக்குச் செய்த உபகாரம் இன்னும் சரியாக அளக்கப்படவில்லை. சலில் சௌத்ரி அங்கிருந்து வந்தவர். 1950களில் பம்பாயில் அவர் ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். 1958இல் கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா இன்னொன்றை அமைத்தார். சென்னைக்கு அந்த வித்து வந்துசேரப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று. கொண்டுவந்தவர் சீனிவாசன்.

தில்லி வாழ்க்கையில் அவர் மணந்தது சாஹிதா கிச்சுலுவை. 1919இல் அமிர்தசரஸில் சைபுதீன் கிச்சுலுவும் சத்யபாலும் கைதானதை எதிர்த்துக் கொந்தளித்த நகரமே ஜாலியன்வாலா பாக்கில் கூடியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கிச்சுலுவின் மகள் சாஹிதா. ஆசாரமான தமிழ் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை ஒரு காஷ்மீரி முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணை மணந்தது அக்காலத்தில் சிறிய செய்தி இல்லை. பின்னாளில் அவர் பல மொழி, பல மதத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்திப் பாடவைத்தது மேடைக்காகச் செய்த ஏற்பாடாக எங்களுக்குத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் வாழ்ந்ததையே அவர் மேடையிலும் செய்தார்.

1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கியவர் வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து தங்கிவிட்ட நிமாய் கோஷ், 'சின்னமூல்' எடுத்தவர். பாட்டெழுதியவர்களில் ஜெயகாந்தன் உண்டு, கே.சி.எஸ்.அருணாசலம் உண்டு, படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே, 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் மறைந்துபோன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உண்டு. தென்னங்கீற்றில் ஊஞ்சலாடும் ஜெயகாந்தனின் பாட்டைப் பி.பி.சீனிவாசும் எஸ்.ஜானகியும் பாடியிருக்கிறார்கள். அருணாசலத்தின் மூக்குத்திப் பாட்டை டி.எம்.சௌந்தரராஜன் பாடியிருக்கிறார். அவருடைய மற்றப் பாடல்களில் கேட்டுப் பழகிய கம்பீரத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கிராமத்து இளைஞன் தனக்குள் முணுமுணுப்பதுபோல அவரைப் பாடவைத்திருப்பது இன்று கேட்டாலும் வியப்பு. படம் ஓடவில்லை, பாட்டு நின்றது. படம் ஓடாத இசையமைப்பாளருக்குத் தமிழ்த் திரையுலகம் என்ன மரியாதை செய்யும் என்பதை நாங்கள் விளக்கவேண்டியதில்லை. அதன்பின் தமிழில் அவர் இசையமைத்த படங்கள் சிலவே. 'மதன மாளிகை', 'எடுப்பார் கைப்பிள்ளை' போன்றவற்றின் பாடல்களை இன்றும் தேடித் தேடிக் கேட்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அதில் நாங்களும் அடக்கம்.

மலையாளம் அவரை வேறுவிதமாக ஏற்றுக்கொண்டது. 1961 நவம்பர் 14 அன்று சென்னைப் பரணி ஸ்டூடியோவில், 'கால்பாடுகள்' படத்துக்காக, நாராயண குருவின் நான்கு வரிச் சுலோகம் ஒன்றை ஓர் இளைஞரைக் கொண்டு அவர் பதிவு செய்தார். அவ்விளைஞர் கே.ஜே.யேசுதாஸ். அவருடைய முதல் திரைப்பதிவு அதுவே. சாதியும் மதப் பகையும் அற்ற இடம் ஒன்றைப் பற்றிய சுலோகத்தை, ஒரு கத்தோலிக்கப் பையனைக் கொண்டு, ஒரு தமிழ்க் கம்யூனிஸ்ட் பாடவைத்தார். மலையாளிகள் இதை மறக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லவும் வேண்டும்.

பின்னர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981), 'முகாமுகம்' (1984), 'அனந்தரம்' (1987), கே.ஜி.ஜார்ஜின் 'உள்கடல்' (1979), 'யவனிகா' (1982); லெனின் ராஜேந்திரனின் 'சில்லு' (1982), 'மீனமாசத்திலே சூரியன்' (1986). ஓ.என்.வி.குறுப்பின் கவிதைக்கும் சீனிவாசனின் மெட்டுக்கும் இருந்த உறவைப் பற்றி மலையாளத்தில் எழுதித் தீரவில்லை. இப்படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எங்கே இசை வரக்கூடாது என்று தெரிந்த இசையமைப்பாளர் அவர். 'எலிப்பத்தாய'த்தின் பெரும்பகுதி கதவு கிரீச்சிடும் ஓசையிலும் தண்ணீர் ஓசையிலும் போகிறது. இசை வரும்போது அது அந்த ஓசைகளின் தொடர்ச்சியாக வருகிறது. பாடல்களால் வாழும் ஒரு தொழிலில் இருந்துகொண்டு மௌனத்துக்கு இவ்வளவு இடம் விட்டவர்கள் அரிது.

சிற்றிதழ் வாசகர்கள் அவர் முகத்தையும் அறிவார்கள், அறிந்திருப்பதை மறந்திருக்கலாம். ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில், தாயிழந்த கழுதைக்குட்டியை வீட்டில் வைத்து வளர்க்கும் பேராசிரியராக வருபவர் சீனிவாசன்தான்; இசையும் அவரே. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப அஞ்சியது. கோபமே இல்லாமல், ஏறக்குறைய மன்னிப்புக் கேட்பதுபோன்ற குரலில், ஒரு ஊரின் கொடுமைக்கு முன்னால் நிற்கும் அந்தப் பேராசிரியரை வேறொரு தொழில்முறை நடிகர் செய்திருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும் என்றே நினைக்கிறோம்.

திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டியதில் அவருடைய பங்கு தனியாக எழுதப்பட வேண்டியது. நிமாய் கோஷ் தொழில்நுட்பக் கலைஞர்களைத் திரட்டினார். சீனிவாசன் வயலின்காரர்களையும் தபேலாக்காரர்களையும் கோரஸ் பாடுபவர்களையும் திரட்டினார். நாற்பது பேர் ஒரே கணத்தில் வில்லைத் தூக்குவதும் நாற்பது பேர் ஒரே கூலிக்காகக் கையெழுத்திடுவதும் அவருக்கு இரு வேறு காரியங்களாக இருந்திருக்க முடியாது.

*

1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஏற்படுத்தினார். 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற பெயரில் அது அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. அதில் பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். அலுவலகம் முடிந்தும் கல்லூரி முடிந்தும் வந்து பயின்றவர்கள். பாரதியும் பாரதிதாசனும் பாடல்களாயினர். தமிழோடு இந்தியாவின் மற்ற மொழிகளும் வந்தன. பிறகு வானொலி வழியாகவும் பள்ளிகள் வழியாகவும் பிள்ளைகளிடம் போனார். கேரளத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திப் பாடவைத்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு இயங்குகிறது. 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் அவர் காலமானார். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்றுவிக்கப் போன இடத்தில் மாரடைப்பு. பவளத்தீவுகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாழும் எங்களுக்கு அந்த இடம் மனத்தில் தைக்கிறது.

இனி விவாதத்துக்கு வருவோம். நம் இசை மரபில் சேர்ந்து பாடுவது இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. திருவையாற்றில் பஞ்சரத்தினம் கோஷ்டியாகப் பாடப்படுகிறது. பஜனை மடங்கள் உண்டு. தேவாலயங்களில் ஞானப்பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பல குரல்களில் பாடி வந்திருக்கிறார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் நடந்தாலே கேட்கலாம். ஆனால் இவை எல்லாம் வழிபாட்டின் பகுதி. வழிபாடு முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடும். அந்தந்தக் கூட்டத்தைச் சேராதவருக்கு அங்கே வரிசையில் இடமில்லை. சீனிவாசன் கட்ட முயன்றது, யாரும் வந்து நிற்கக்கூடிய ஒரு வரிசையை. இறைவணக்கம் முடிந்தும் தொடரக்கூடிய ஒரு பாட்டை.

இரண்டாவது ஆட்சேபம் இசை சார்ந்தது, கனமானது. ராக இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரம் இன்னொரு ஸ்வரத்தை நோக்கி அசையும் அசைவை நாற்பது பேர் ஒன்றுபோலச் செய்வது கடினம். அதன்மேல் மேலைநாட்டு முறையில் இரண்டாம், மூன்றாம் குரல்களை அடுக்கினால் ஒன்றின் அசைவு மற்றதோடு மோதும். கமகத்தை விட்டால் ராகம் போயிற்று. வைத்துக்கொண்டால் இசைவு போயிற்று. இது வெறும் பழமைவாதிகளின் முணுமுணுப்பு இல்லை, உண்மையான சிக்கல். சீனிவாசனின் சேர்ந்திசைப் பாடல்களை ஊன்றிக் கேட்டால் அவர் இதைக் குருட்டடியாகத் தாண்டிக் குதிக்கவில்லை என்பது தெரியும். மெட்டு அசையும் இடங்களில் மற்றக் குரல்களைச் சுருதிபோல நிறுத்திவைப்பார். மெட்டு நேரான ஸ்வரங்களில் நிற்கும் இடத்தில்தான் மற்றக் குரல்கள் பிரிந்து விரியும். சில இடங்களில் ஆண்குரல்கள் ஒரு சொற்கட்டை மட்டும் தாளமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். பெண்குரல்கள் அதன்மேல் மிதந்து போகும். நாட்டார் பாடலில் முன்பாட்டுக்காரருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் இடையே நடக்கும் எடுப்பும் தொடுப்புமே இதன் அடிப்படை. எல்லாப் பாடல்களும் வெற்றி என்று சொல்லமாட்டோம். சிலவற்றில் பிரசங்க நெடி அடிக்கிறது. ஒற்றுமை, சமாதானம் என்ற சொற்கள் வந்தவுடன் மெட்டும் கைகட்டி நின்றுவிடுகிறது. ஆனால் வெற்றி பெற்றவை ஒரு புதிய இலக்கணத்தின் முதல் பக்கங்கள். அடுத்த பக்கங்களை எழுத ஆள் வேண்டாமா?

இதே சிக்கலை வேறொரு தேசம் எப்படி எதிர்கொண்டது என்று பார்ப்பது பயன் தரும். ஜப்பானில் யமதா கோசாகு (1886–1965) இசையமைப்பாளர், இசைக்குழு இயக்குநர் இரண்டுமாக இருந்தவர். பெர்லினில் மாக்ஸ் புரூக்கிடம் பயின்று திரும்பி, தம் நாட்டில் மேலை இசைக்குழு மரபுக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர். அவர் பெரிய ஓபராக்களும் எழுதினார்; ஆனால் நிலைத்தது 1927இல் அவர் மெட்டமைத்த சிவப்புத் தும்பியைப் பற்றிய ஒரு சின்னஞ்சிறு பாட்டு. மிகி ரோபூவின் கவிதை. ஜப்பானிய மொழியில் சொல்லின் எந்த அசை உயர்கிறது, எது தாழ்கிறது என்பது பொருளையே மாற்றும். ஆகவே மெட்டின் ஏற்ற இறக்கம் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு முரண்படக் கூடாது என்று யமதா பிடிவாதமாக இருந்தார். அயல்நாட்டுப் பாத்திரத்தில் தம் மொழி சிந்தாமல் சிதறாமல் இருக்க அவர் கண்ட வழி அது. தமிழில் அந்தப் பொறுப்பு குறில் நெடிலுக்கும் ஒற்றுக்கும் உரியது. நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது ஈற்றிலுள்ள 'ள்' ஒரே கணத்தில் விழாவிட்டால் அது சலசலப்பாகிவிடும். சேர்ந்திசை பயின்ற பிள்ளைக்கு ழகரம் தானாக வந்துவிடும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். தமிழாசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் யமதாவின் கதையில் ஒரு கறையும் உண்டு. போர்க்காலத்தில் அவர் இராணுவ அரசுக்குப் பாட்டமைத்தார், சீருடை அணிந்து திரிந்தார். போர் முடிந்ததும் அதற்காகக் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். ஆயிரம் பேரை ஒரே குரலில் பாடவைக்கும் திறன் யார் கைக்கும் போகலாம். கூடிப் பாடுவது இயல்பிலேயே நல்லது என்ற அசட்டு நம்பிக்கை எங்களுக்கு இல்லை. அதே ஜப்பானில், 1948இல், செகி அகிகோ என்ற பாடகி தொழிலாளர்களையும் மாணவர்களையும் கொண்டு ஒரு மையச் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். அதிலிருந்து கிளைத்த 'பாடும் குரல்' இயக்கம் போருக்கு எதிராகவும் அணுகுண்டுக்கு எதிராகவும் பாடியது. சோவியத் அரசு சமாதானப் பரிசு என்ற ஒன்றை வழங்கி வந்தது. 1952ஆம் ஆண்டுக்கானது கிச்சுலுவுக்கும் 1955க்கானது செகிக்கும் கிடைத்தது. அது ஓர் அரசியல் முகாமின் பரிசு என்பதை மறைக்கவேண்டியதில்லை. எங்களை ஈர்ப்பது வேறு: ஜப்பானில் அரசும் பாடவைத்தது, எதிர்ப்பாளர்களும் பாடவைத்தார்கள். பள்ளிகளுக்கான இசைப் போட்டியை அந்நாட்டு வானொலி 1932 முதல் நடத்தி வருகிறது. ஆகவே அங்கே பாட்டு யார் கையில் இருக்கவேண்டும் என்று சண்டை போட முடிந்தது. நம்மிடம் சண்டை போடவும் பாட்டில்லை. அரசியல் கூட்டங்களில் ஒலிபெருக்கி பாடுகிறது, தொண்டர்கள் கேட்கிறார்கள்.

*

இவ்விடத்தில் எங்கள் கரையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கரைவலை இழுப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரு கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தியது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் கால் பின்னால் போகும், குரல் ஏறும் இடத்தில் கயிறு வரும். எடுத்துக் கொடுத்தவரைச் சேர்ந்திசை இயக்குநர் என்று யாரும் அழைத்ததில்லை. ஆனால் அவர் செய்தது அதுதான். தவறினால் கேட்பவர் முகம் சுளிப்பதோடு போகாது, அன்றைய பாடு போய்விடும்.

விசைப்படகு வந்தபின் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. இயந்திரத்தின் இரைச்சலில் பாடவும் முடியாது, பாடினால் கேட்கவும் முடியாது. வலையை இழுக்க உருளை இருக்கிறது. இதை நாங்கள் புலம்பலாகச் சொல்லவில்லை. கயிறு இழுத்துத் தோல் உரிந்த கைகளை அறிந்தவர்கள் உருளையைப் பழிக்கமாட்டார்கள். ஆனால் உழைப்பிலிருந்து பாட்டு விடுபட்டபோது அதைப் பிடித்துக்கொள்ள வேறு எந்த ஏற்பாடும் தயாராக இல்லை. நாட்டாரியல் ஆய்வாளர்கள் வந்து அம்பாக்களைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அச்சில் அவை இருக்கின்றன. அச்சில் மட்டும் இருக்கின்றன. தமிழில் ஒரு பாட்டைக் காப்பாற்றுவது என்றால் அதைப் புத்தகமாக்குவது என்று ஆகிவிட்டது. சீனிவாசன் போன்ற ஒருவருக்கு இங்கேதான் வேலை இருந்தது: எடுப்பும் தொடுப்புமாக ஏற்கெனவே சேர்ந்திசையாகவே இருக்கும் ஒன்றைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து மேடைக்கும் பள்ளிக்கும் கொண்டுவரும் வேலை.

இலக்கிய வாசகர்களாகிய நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டுக்கோட்டையும் கே.சி.எஸ்.அருணாசலமும் எழுதியது பாடுவதற்கு. பாரதி பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் தாமே குறித்துவைத்தார். அதன்பின் நம் கவிதை தாளில் இறங்கி, தனியறையில் ஒருவர் கண்ணால் படிக்கும் பொருளாயிற்று. அதில் நாம் பெற்றவை அதிகம்; அதை மறுக்கும் அளவுக்கு நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு கவிதையை முப்பது பேர் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னால் அது மலிந்துவிடும் என்ற கூச்சம் நமக்குள் எப்போது புகுந்தது? ஓ.என்.வி.யின் கவிதையை மலையாளிகள் பாடிக்கொண்டே வாசிக்கிறார்கள். 2007ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்கு வந்தபோது அவர் பாட்டுக்காரர் என்பதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. நம் சிற்றிதழ்களில் திரைப்படத்துக்குப் பாட்டெழுதிய கவிஞர் என்றால் ஒரு படி கீழே. சீனிவாசனுக்குத் தமிழில் ஒரு ஓ.என்.வி. கிடைக்கவில்லை என்பது அவருடைய துரதிருஷ்டம் மட்டும் இல்லை.

அவருக்குச் சிலை வேண்டும், தெருவுக்குப் பெயர் வேண்டும் என்றெல்லாம் நாங்கள் கேட்கப்போவதில்லை. சேர்ந்திசை இயக்குநருக்குச் சிலை வைத்தால் அவர் எதிரே பாடுவதற்கு யாரும் இல்லாமல் கைதூக்கி நிற்பார். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். வேண்டியது அவருடைய சேர்ந்திசைப் பாடல்களின் ஸ்வரக் குறிப்பு. நம் முறையில் சரிகமவாகவும் மேலைநாட்டு முறையில் கோடுகளாகவும், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே, குறைந்த விலையில், எந்தப் பள்ளி ஆசிரியரும் வாங்கக்கூடியதாக. அவரிடம் நேரே பயின்றவர்கள் இருக்கும்போதே இது நடக்கவேண்டும். எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்பதெல்லாம் தாளில் வராது; அவர்கள் தொண்டையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு காலமும் வாய்ப்பாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் ஆண்கள் வலை செப்பனிட்டுக்கொண்டு கரையில் இருப்பார்கள். பள்ளிக்கும் அப்போது பெரும்பாலும் விடுமுறை. இருபது பிள்ளைகள், ஒரு சுருதிப்பெட்டி, அம்பா எடுத்துக் கொடுத்துப் பழகிய ஒரு முதியவர், ஸ்வரம் எழுதத் தெரிந்த ஒரு இளைஞர் போதும். முதல் வாரம் முழுவதும் ஒரே சுருதியில் நிற்கப் பழகுவதிலேயே போய்விடும், போகட்டும். தேவாலயத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் குரல் பழக்கம் ஏற்கெனவே உண்டு, அவர்களை மற்றவர்களோடு கலந்து நிறுத்தவேண்டும். முதல் பாட்டாக எதை எடுப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிலர் பாரதி என்கிறார்கள். சிலர் அருணாசலத்தின் மூக்குத்திப் பாட்டையே மூன்று குரலுக்குப் பிரித்து எழுதலாம் என்கிறார்கள். ஒலிபெருக்கி வைப்பதா வேண்டாமா என்றும் சண்டை நடக்கிறது. பாலத்தடியில் அடிக்கும் காற்றில் பாடிக் கேட்கவைக்க முடிந்தால் எங்கும் கேட்கவைக்க முடியும் என்பது ஒலிபெருக்கி வேண்டாம் என்பவர்களின் வாதம்.